மார்க்கு இருக்கிறது, இடம் இல்லை!



போன ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் திருப்பதி ரயில் நிலையத்தின் பயணச்சீட்டு ஜன்னலுக்கு ஒரு தாயும் மகளும் வந்து நின்றார்கள். தாய் யாத்திரிகர் விடுதி ஒன்றில் விரிப்பும் தலையணை உறையும் துவைக்கிறவர். மகளின் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் சான்றிதழ்கள். "காட்பாடிக்கு ரெண்டு கொடுங்கண்ணா" என்றார் தாய். அந்த வாரத்தில் அவர்கள் காட்பாடிக்குச் சீட்டு வாங்குவது அது மூன்றாவது முறை. "என்னம்மா, வேலூர் ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருக்கிறார்களா?" என்று கேட்டோம்.

"அதெல்லாம் இல்லண்ணா. பொண்ணை நர்ஸு படிப்புல சேக்கணும். ஆயிரத்துக்கு எண்ணூத்தி எழுபது மார்க்கு வாங்கியிருக்கா. இங்க கேட்டா, உங்க ஊருல போய் சாதிச் சர்ட்டிபிகேட்டு வாங்கியான்றாங்க. அங்க போனா, நீங்க இருக்கிறது ஆந்திராவுல, அங்கதான் தரணும்ன்றாங்க. மூணு நாள் கூலி போச்சு. என் மார்க்கை ஒருத்தரும் பாக்கலியேம்மான்னு இவ அழுவுறா."

அந்தப் பெண் கேட்டதுதான் இந்த மாதத் தலையங்கம்.

நர்சிங் படிப்புக்கு இன்று நாடெங்கும் போட்டி. டாக்டர் படிப்புக்குப் போட்டி என்று கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றலாம். நம் பாட்டிமார் காலத்தில் இந்தப் படிப்புக்கு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. நோயாளியின் மலஜலம் எடுப்பது குடும்பப் பெண்ணுக்கு ஆகுமா, அந்நிய ஆணைத் தொட்டு மருந்து போடலாமா, இராத்திரி வேலைக்கு அனுப்பலாமா என்று ஊர் பேசிற்று. ஆகவே இந்தத் தொழிலுக்கு முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள், விதவைகள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள். ஊர் இழிவென்று தள்ளிய வேலையை அவர்கள் எடுத்துச் செய்தார்கள். செய்து அதற்கு மரியாதை தேடித் தந்தார்கள். இன்று அந்த மரியாதைக்குப் பங்கு கேட்டு எல்லாச் சாதியும் எல்லா மதமும் வரிசையில் நிற்கின்றன. நிற்கட்டும், நல்லதுதான். ஆனால் வரிசையின் கடைசியில் தள்ளப்படுவது யார்? ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கிற நம் வீட்டுப் பெண்கள்!

ஒரு பழைய செய்தியை இங்கே நினைவுபடுத்த வேண்டும். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் நர்சிங் பள்ளி தொடங்கியது 1909-ல். அதுவே 1946-ல் பட்டப் படிப்பு நடத்தும் கல்லூரியாக வளர்ந்தது. நர்சிங்கில் பி.எஸ்சி. பட்டம் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொடங்கிய இடங்களில் வேலூர் ஒன்று, டில்லி மற்றொன்று. 1909-ல் வேலூர் எந்த மாவட்டம்? வட ஆர்க்காடு. அந்த மாவட்டத்தின் தலைநகர் எது? சித்தூர்! 1911-ல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. அந்தப் பள்ளியில் முதலில் சேர்ந்த பெண்ணிடம், நீ சித்தூரா, வேலூரா, எந்த மாநிலத்துச் சான்றிதழ் என்று எவரும் கேட்டிருக்க முடியாது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. எல்லை எங்கே போக வேண்டும் என்று நாம் இன்று வழக்காடவில்லை. அந்தக் கோடு நம் பெண் பிள்ளைகளின் சான்றிதழின் குறுக்கே ஓடுகிறதே, அதைத்தான் சொல்கிறோம்.

இந்தப் படிப்புக்கு ஏன் இவ்வளவு கூட்டம்? கணக்கைப் பார்த்தால் விளங்கும். இதை எழுதுகிறவன் பத்தாவது படித்து ரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன். ஏழாவது ஊதியக் குழுவின் கணக்குப்படி, ரயில்வேயில் இளநிலை எழுத்தராகச் சேர்கிறவருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். அதே ரயில்வேயின் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்கிறவருக்கு 44,900 ரூபாய். இரண்டு மடங்குக்கும் மேல்! அந்த வேலைக்குப் பட்டம்தான் வேண்டும் என்பதும் இல்லை. மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமாவும் நர்சிங் கவுன்சில் பதிவும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கூலி வேலை செய்யும் ஒரு குடும்பம் ஒரே தலைமுறையில் தலைநிமிர்வதற்கு இதைவிடக் குறுகிய வழி நமக்குத் தெரிந்து வேறில்லை.

தேவையும் இல்லாமல் இல்லை. உலகம் முழுவதும் 59 லட்சம் நர்ஸுகள் குறைவாக இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கணக்குச் சொன்னது. அதே ஆண்டில்தான் கொரோனா வந்தது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உலகமே உட்கார்ந்திருந்தபோது வெளியே போய் வேலை செய்தவர்கள் யார் என்பதை நாடு கண்ணால் கண்டது. 2023-ல் மத்திய அரசு 157 மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்துப் புதிய நர்சிங் கல்லூரிகள் அமைக்க முடிவு செய்தது. அவற்றால் ஆண்டுக்குச் சுமார் 15,700 பட்டதாரி நர்ஸுகள் கூடுதலாக வருவார்கள் என்றார்கள். வரட்டும். ஆனால் அரசு கல்லூரியின் இடம் எப்போதும் கைவிரலில் எண்ணக்கூடியது. மற்ற இடங்கள் பணம் உள்ளவர்களுக்கு. நம் பகுதியில் நர்சிங் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. திருப்பதியில் தேவஸ்தானம் உண்டாக்கிய ஸ்விம்ஸ் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.க்குச் சித்தூர்ப் பக்கத்தில் ஒரு வளாகம் இருக்கிறது. அரகொண்டா கிராமத்தில் அப்போலோ ஆஸ்பத்திரி இருக்கிறது. கட்டிடத்துக்குச் சித்தாள் வேலை செய்ததும் வார்டைப் பெருக்குவதும் நம் பெண்கள். அங்கே படிக்கிற பெண்களில் நம் பெண்கள் எத்தனை பேர்?

போட்டி என்றால் பரீட்சைக் கூடத்தில் நடப்பது என்று நினைக்கிறோம். அங்கே நம் பிள்ளைகள் தோற்கவில்லை. அந்தத் தாயின் மகளைப் போல் மார்க்கு வாங்கி வருகிறார்கள். அவர்கள் தோற்பது வேறு நான்கு இடங்களில். அந்த நான்கும் பரீட்சைக்கு முன்பே, சிலவேளை பல ஆண்டுகளுக்கு முன்பே, நம் வீட்டுத் திண்ணையில் முடிவாகிவிடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். தயவுசெய்து கவனித்துப் படியுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலாவது, படித்த இடம். ஆந்திரத்தில் கல்லூரி இடங்களை உள்ளூர் மாணவர்களுக்கு ஒதுக்குவதற்கு 1974-ல் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று பிறந்தது. நூற்றுக்கு 85 இடம் அந்த வட்டாரத்து மாணவர்களுக்கு என்பது அதன் சாரம். நம் வட்டாரம் ஸ்ரீவெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வட்டாரம். பழைய சித்தூர், கடப்பை, அனந்தபூர், கர்னூல், நெல்லூர் மாவட்டங்கள் இதில் அடங்கும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானதால் இதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. சரி, உள்ளூர் மாணவி என்பவர் யார்? தகுதிப் பரீட்சை எழுதிய ஆண்டோடு முடியும்படி, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இந்த வட்டாரத்தில் படித்தவர். இங்கே பிறந்தாரா, அப்பாவுக்கு இங்கே ரேஷன் கார்டு உண்டா, வீட்டில் எந்த மொழி பேசுகிறார் என்பது கேள்வியே இல்லை. தமிழர் பிள்ளையானாலும் ஒன்பதாவது முதல் இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு வரை இங்கேயே படித்திருந்தால் உள்ளூர் மாணவிதான்!

இதில் நமக்கு விரோதமாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆணையில் இல்லை, நம் பழக்கத்தில் இருக்கிறது. பெண் பெரியவளானதும் ஊரில் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்க வைப்போம் என்கிறோம். தமிழில் படிக்கட்டும், தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர வசதியாக இருக்கும் என்கிறோம். பத்தாவது வரை இங்கே, பதினொன்றும் பன்னிரண்டும் அங்கே. அந்த இரண்டு ஆண்டில் பிள்ளை இங்கே உள்ளூர் மாணவி என்ற தகுதியை இழந்துவிடுகிறாள். அங்கேயோ, வெளிமாநிலத்தில் படித்த வகுப்புகளுக்காகப் பிறப்பிடச் சான்றிதழ் கேட்கிறார்கள். இரண்டு வண்டியில் இடம் பிடிக்கப் போய் இரண்டு வண்டியையும் தவறவிடுகிறோம்.

அறிவுரை சொல்லும் தகுதி இதை எழுதுகிறவனுக்கு இல்லை. ஏனென்றால் இந்தத் தவற்றை முதலில் செய்தவனே இவன்தான். மூத்த மகளைப் பதினொன்றாம் வகுப்புக்கு ஊரில் பாட்டி வீட்டுக்கு அனுப்பினேன். நல்ல மார்க்கு வாங்கினாள். நர்ஸாக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இங்கே விண்ணப்பம் போடலாமா என்று கேட்டபோது, நீ உள்ளூர் இல்லை என்றார்கள். அங்கே பிறப்பிடச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு அலுவலகத்தின் வாசலில் காத்திருந்தோம். சான்றிதழ் வந்தது. விண்ணப்பத்தின் கடைசி நாள் அதற்கு முன்பே போய்விட்டது. உள்ளூர் அல்லாதவர்களும் போட்டியிடக்கூடிய 15 சதவீத இடங்கள் இங்கே இருந்தன. பெற்றோர் இந்த மாநிலத்தில் பத்தாண்டு குடியிருந்தாலும், மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இங்கே வேலை செய்தாலும் அதற்கு விண்ணப்பிக்க விதிகளில் வழி இருந்தது. ரயில்வேக்காரன் நான். அது எனக்குத் தெரியவில்லை! ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன் சொந்த மகளின் விதியைப் படித்துப் பார்க்கவில்லை. இன்று அவள் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் வலிக்கிறது.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். இதைப் பற்றித் தெளிவாகப் பேச நம் கூட்டங்களிலேயே கூச்சப்படுகிறோம். கூச்சத்தால் நஷ்டப்படுவது ஏழைப் பிள்ளை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தாழ்த்தப்பட்டோர் பட்டியல் தனி, பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் தனி. ஒரு மாநிலத்தின் சான்றிதழ் அடுத்த மாநிலத்தின் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. இதை உச்ச நீதிமன்றம் 1990-ல் உறுதி செய்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் நம்மைப் போன்ற ஒரு குடியேறியின் மகன். தெலுங்கர், தெனாலியில் பிறந்தவர். தகப்பனாருக்குப் பம்பாயில் வேலை கிடைத்ததால் சிறுவயதிலேயே அங்கே போனவர். பம்பாயில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். ஆந்திரத்தில் பழங்குடி என்று பட்டியலில் உள்ள அவருடைய சமூகம் மகாராஷ்டிரப் பட்டியலில் இல்லை என்று ஒதுக்கீடு மறுக்கப்பட்டது. மறுத்தது சரியே என்றது தீர்ப்பு. வேலைக்காகவும் படிப்புக்காகவும் இடம்பெயர வேண்டியிருக்கிறவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதை நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் ஆலோசிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆலோசித்தவர் யார்?

தோழர்களே, இதில் தமிழன் தெலுங்கன் என்று சண்டைக்கு இடமே இல்லை. திருப்பதியில் நமக்கு நேர்வதுதான் பம்பாயில் தெலுங்கருக்கு நேர்ந்தது. சென்னையில் இருக்கும் தெலுங்குத் தொழிலாளிக்கும் இதுவே நேரும். பிழைக்கப் போன இடத்தில் உழைப்பை வாங்கிக்கொள்கிறார்கள், பிள்ளையின் சான்றிதழை வாங்கிக்கொள்ள மறுக்கிறார்கள். இது மொழியின் குற்றமில்லை. இடம்பெயர்ந்த ஏழையை எந்த மாநிலமும் தன் பிள்ளையாக எண்ணாத குற்றம்.

ஆனால் இங்கேயும் நமக்குத் தெரியாமல் கைநழுவும் உரிமைகள் இருக்கின்றன. தாழ்த்தப்பட்டோர் விஷயத்தில், 1950-ல் பட்டியல் வெளியான காலத்தில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்தது என்பதே அடிப்படை. உங்கள் தாத்தா சித்தூருக்கோ பாகாலாவுக்கோ ரேணிகுண்டாவுக்கோ எந்த ஆண்டு வந்தார்? 1950-க்கு முன்பே வந்திருந்தால் நீங்கள் குடியேறியே அல்ல, இந்த மண்ணின் குடி. ஆதிதிராவிடர் என்ற பெயர் ஆந்திரத்தின் பட்டியலிலும் இருக்கிறது. தாத்தாவின் பழைய பள்ளிச் சான்று, ரயில்வே சர்வீஸ் புத்தகம், வீட்டு வரி ரசீது, பட்டா எதுவாக இருந்தாலும் தேடி எடுங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் மக்கிக் கிடக்கும் ஒரு காகிதம் பேத்தியின் படிப்பைத் தீர்மானிக்கும். வன்னியகுல க்ஷத்திரியர் என்ற பெயரும் ஆந்திரத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. ஒரே சமூகத்துக்கு இரண்டு மாநிலத்திலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெயரைப் பார்த்துப் பேசுங்கள்.

1950-க்குப் பின் வந்தவர்களுக்கும் முழுக்கதவும் அடைபடவில்லை. தகப்பனாரின் சொந்த மாநிலச் சான்றிதழைக் காட்டினால், இடம்பெயர்ந்தவர் என்று குறித்து இங்குள்ள அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் தரலாம். அது ஆந்திர அரசின் ஒதுக்கீட்டுக்கு உதவாது. ஆனால் ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் செல்லும். ஜன்னலில் நின்ற அந்தத் தாய்க்கு இதை ஒருவர் முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று நாள் கூலி மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது, பாடமும் மொழியும். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் படித்திருக்க வேண்டும். பொதுப் பிரிவுக்கு நூற்றுக்கு 45 மதிப்பெண் குறைந்தபட்சம். அதாவது பத்தாவது முடிந்ததும் இன்டரில் பை.பி.சி. எடுத்தால்தான் இந்தக் கதவு திறக்கும். "கணக்குப் பாடம் நல்லது, ஆபீஸ் வேலை கிடைக்கும்" என்று யாரோ சொன்னார்கள் என்று வேறு குரூப்பில் சேர்த்துவிட்டுப் பிறகு அழுது பயனில்லை. வேறு குரூப்பில் படித்துவிட்டவர்கள் மனம் தளரவும் வேண்டாம். ஜி.என்.எம். டிப்ளமாவுக்கு எந்தக் குரூப்பில் படித்தவரும் சேரலாம். ஆங்கிலத்தில் தேறி, நூற்றுக்கு 40 மதிப்பெண் பெற்றிருந்தால் போதும். ரயில்வே வேலைக்கு இந்த டிப்ளமாவும் செல்லும் என்று மேலே சொன்னதை நினைவில் வையுங்கள்.

ஆந்திரத்தில் பட்டப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இருக்கிறது. முன்பு எம்செட் என்றோமே, அதுவே இப்போது ஈ.ஏ.பி.செட் ஆகியிருக்கிறது. வினாத்தாள் தமிழில் கிடையாது. பத்தாம் வகுப்பைத் தமிழ்வழியில் எழுத இந்த மாநிலமே இடம் கொடுத்தது. சித்தூரிலும் நகரியிலும் குப்பத்திலும் சத்தியவேட்டிலும் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் படித்து வந்த பிள்ளைகள் உண்டு. பத்து ஆண்டு ஒரு மொழியில் படிக்க வைத்துவிட்டு, இரண்டே ஆண்டில் வேறு மொழியில் போட்டியிடு என்றால் அது சமமான போட்டியா? தாய்மொழிப் பள்ளியை விட்டு விலகச் சொல்லவில்லை. எட்டாவதிலிருந்தே ஆங்கிலத்தில் அறிவியல் சொற்களைக் கற்பிக்க மாலை வகுப்பு வேண்டும் என்கிறோம்.

நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் ஆந்திரத்துத் தேர்வு மையங்களில் தமிழ் வினாத்தாள் கிடையாது. இங்குள்ளவர்கள் மையம் கேட்கும் விதியை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். நீட் டாக்டர் படிப்புக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஜிப்மரின் நர்சிங் படிப்புக்கு அதுதான் வழி. ராணுவ நர்சிங் கல்லூரிகளின் 220 இடங்களுக்கும் அதுதான் முதல் படி. ராணுவக் கல்லூரியில் படிப்புக்குப் பணம் இல்லை, முடித்ததும் அதிகாரியாக வேலை. பெண்களுக்கு மட்டுமே உள்ள இடங்கள் அவை. போட்டி கடுமைதான். ஆனால் சித்தூர் மாவட்டத்துத் தமிழ்த் தொழிலாளி வீட்டிலிருந்து விண்ணப்பமே போகாமல் இருப்பதற்குக் கடுமை காரணமில்லை. செய்தி போகாததே காரணம்.

நான்காவது, புரோக்கர். இடம் கிடைக்காத வீட்டைக் கழுகு போல வட்டமிடுகிறவன். "அண்ணே, பெங்களூர்ல சீட் இருக்கு, மார்க்கு வேண்டாம், பணம் மட்டும் கட்டுங்க" என்று வருவான். நகை அடகுக்குப் போகும், கந்துவட்டி வரும். கல்லூரி என்று போய்ப் பார்த்தால் வாடகைக் கட்டிடத்தில் இரண்டு அறை. ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இல்லை. இது பயமுறுத்தும் பேச்சல்ல. மத்தியப் பிரதேசத்தில் நர்சிங் கல்லூரிகளைப் பற்றி உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சி.பி.ஐ. விசாரித்தது. தகுதியில்லை என்று கண்ட 66 கல்லூரிகளை 2024-ல் மூட உத்தரவாயிற்று. விசாரிக்கப் போன அதிகாரிகள் சிலரே லஞ்ச வழக்கில் கைதானார்கள். அங்கே பணம் கட்டிப் படித்த பிள்ளைகளின் கதி என்ன? எண்ணிப் பாருங்கள்.

ஆகவே பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். கல்லூரி இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் அந்த மாநில நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் இருக்கிறதா? பயிற்சிக்குரிய ஆஸ்பத்திரி எது, அதில் எத்தனை படுக்கை? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா? மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்றால் அந்தப் படியேறாதீர்கள். பிள்ளையின் அசல் சான்றிதழைப் பூட்டி வைத்துக்கொள்வது ஆளையே அடகு பிடிப்பதற்குச் சமம்.

படித்து முடித்தபின் தனியார் ஆஸ்பத்திரியில் கிடைக்கும் சம்பளம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உச்ச நீதிமன்றம் 2016-ல் இட்ட உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட இடத்தில் அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. அதை நடப்பாக்குவது நர்ஸுகளின் சங்கமும் நம்மைப் போன்ற சங்கங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. சம்பளம் குறைவு என்று படிக்காமல் இருப்பது விடையாகாது.

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். மகனுக்கு இன்ஜினீயரிங் என்றால் வட்டிக்கு வாங்குகிறோம். மகள் நர்ஸு படிக்கட்டுமா என்றால், "இராத்திரி டூட்டிக்குப் போகிற பெண்ணை யார் கட்டுவான்?" என்கிறோம். அதே மகள் விடியற்காலை மூன்று மணிக்குப் பூக்கட்டப் போகலாம், சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ நள்ளிரவு வரை நிற்கலாம். சம்பளமும் மரியாதையும் உள்ள இராத்திரி வேலைதான் குற்றமா?

சங்கமும் குற்றவாளிதான். பொங்கல் விழா நடத்தினோம், வள்ளுவர் விழா நடத்தினோம், மேடை போட்டு மைக் கட்டினோம். தமிழ் வாழ்க என்று முழங்கினோம். முழங்கியதில் தவறில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் வாங்கித் தர ஒரு நாளாவது பந்தல் போட்டோமா? இல்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை.

ஆந்திர அரசைக் கேட்கிறோம்: தமிழ்வழியில் பத்தாவது படித்த பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு வினாத்தாளைத் தமிழிலும் கொடுங்கள். இடம்பெயர்ந்தோர் சான்றிதழை விண்ணப்பக் கடைசி நாளுக்கு முன்பே கிடைக்கும்படி நாள் குறித்து வழங்குங்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் அரசு நர்சிங் இடங்களைக் கூட்டுங்கள்.

தமிழ்நாட்டு அரசைக் கேட்கிறோம்: வெளிமாநிலத்தில் உழைக்கும் உங்கள் மக்களை விழா மேடையில் மட்டும் நினைக்காதீர்கள். பிறப்பிடச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் கேட்டு வரும் தொழிலாளியை அலைய விடாதீர்கள்.

நாடாளுமன்றத்தைக் கேட்கிறோம்: 1990-ல் உச்ச நீதிமன்றம் உங்கள் முன் வைத்த கேள்விக்கு விடை சொல்லுங்கள்.

நம் குடும்பங்களைக் கேட்கிறோம்: ஒன்பதாவதில் அடியெடுத்து வைக்கும் பிள்ளையை, எங்கே படித்தால் எந்த உரிமை நிற்கும் என்று தெரிந்துகொள்ளாமல் மாநிலம் மாற்றாதீர்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.

சங்கம் தன் பங்குக்கு வாக்குக் கொடுக்கிறது. இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாலையில் சங்கக் கட்டிடத்தில் இரண்டு பேர் மேசை போட்டு உட்காருவார்கள். எட்டாவது முதல் இன்டர் வரை படிக்கும் பெண் பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, யாருக்கு எந்தச் சான்றிதழ் இல்லை, எங்கே வாங்க வேண்டும் என்று குறிப்பார்கள். விண்ணப்பம் நிரப்பித் தருவார்கள். கட்டணம் இல்லை. தாலுகா அலுவலகத்துக்கு ஒரு தாய் தனியாகப் போக வேண்டாம், சங்கத்திலிருந்து ஒருவர் கூட வருவார். இதை எழுதுகிறவன் தன் வார விடுமுறையை அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டான்.

ஜன்னலில் நின்ற அந்தப் பெண்ணுக்கு அந்த ஆண்டு அரசு இடம் கிடைக்கவில்லை. இப்போது ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். இரவில் படிக்கிறாள், இந்த ஆண்டு மறுபடியும் எழுதப் போகிறாள். நம் நோட்டில் முதல் பெயர் அவளுடையது. சான்றிதழ்கள் இந்த முறை தயாராக இருக்கின்றன.

இரண்டாவது பெயர் உங்கள் மகளுடையதாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்!